சஹருக்குப் போட்ட மதிய மாத்திரை

நசீமாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். தர்மபுரியில் உன் அம்மா நன்றாக இருக்கிறாள், மண்டியில் புளி நன்றாக இருக்கிறது, என் சர்க்கரை சாப்பாட்டுக்கு முன்னால் ஒழுங்காகவும் சாப்பாட்டுக்குப் பின்னால் கொஞ்சம் சேட்டையாகவும் இருக்கிறது. ஓசூரில் நீயும் மாப்பிள்ளையும் உன் மாமாவும் மாமியும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் நான் ஒரு வாக்கியத்தைப் பாதி சொல்வதற்குள் உன் அம்மா பிடுங்கி மீதியை அவளே சொல்லி முடித்துவிடுகிறாள். தாளில் குறுக்கே பேச ஆள் கிடையாது. கல்யாணம் முடிந்து நீ வண்டி ஏறிய அன்று, பெண்ணைப் பெற்றவன் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அழுகை முந்திக்கொள்ளும் போலிருந்தது. "ஏசிய கொறைச்சு வெக்கச் சொல்லும்மா" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினேன். அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நேற்று நீ உன் அம்மாவிடம் பேசியது என் காதிலும் விழுந்தது. ஓசூர் ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர் வேலை கிடைத்துவிட்டது, திங்கள்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார்கள், மாமாவிடம் கேட்டால் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, கையிலிருந்த பேப்பரைத் திருப்பி மறுபக்கம் படிக்க ஆரம்பித்துவிட்டார் என்றாய். "அத்தாவ ஒரு வார்த்தை பேசச் சொல்லட்டுமா?" என்று உன் அம்மா கேட்டாள். அதற்கு நீ சிரித்தாய். ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது, மகளே. அந்தச் சிரிப்புக்குத்தான் பதில் எழுதுகிறேன். ஆனால் நேராக விஷயத்துக்கு வர மாட்டேன். புளி வியாபாரி எவனும் முதல் பேச்சிலேயே விலையைச் சொன்னதில்லை.

நீ பி.பார்ம் படித்த காலத்தில் நானும் கூடவே பாதி படித்தேன் என்பது உனக்கே தெரியும். சேலத்துக் கல்லூரியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, முகம் கழுவிவிட்டு, ஹாலில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்துகொண்டே சத்தமாக மனப்பாடம் செய்வாய். நான் மூலையில் உட்கார்ந்து லோடு கணக்கு எழுதிக்கொண்டிருப்பேன். உன் பாடம் என் கணக்கில் கலந்து, ஒரு முறை பாலக்கோட்டுப் பார்ட்டியின் பெயருக்கு நேராகப் 'பாராசிட்டமால்' என்று எழுதிவைத்திருந்தேன். அப்போதுதான் வெகுநாள் சந்தேகம் ஒன்றை உன்னிடம் கேட்டேன்.

"ஏம்மா, தலைவலி மாத்திர தலைக்குத்தான் போவணும்னு அதுக்கு யாரு சொல்றாங்க?"

"யாரும் சொல்றதில்லத்தா. அதுக்கு அட்ரஸே தெரியாது. வயித்துல கரைஞ்சு ரத்தத்துல கலந்துட்டா தலைக்கும் போவும், கால் கட்டவெரலுக்கும் போவும். எங்க அதுக்கு வேல இருக்குதோ அங்க செய்யும். வேல இல்லாத எடத்துல சும்மா சுத்திட்டு, கடசியில கிட்னி வழியா வெளிய போயிரும்."

எனக்குப் பெரிய அதிர்ச்சி. தலைவலிக்கு மாத்திரை போட்டால் தலையணையை எடுத்துவிட்டுப் படுப்பதுதான் என் வழக்கம். தலை தாழ்ந்திருந்தால் மருந்து சீக்கிரம் இறங்கி வரும் என்று நானாக ஒரு கணக்கு வைத்திருந்தேன். இத்தனை வருடமாக ஒழுங்காகக் கழுத்து வலிதான் வாங்கியிருக்கிறேன். வயிற்றிலிருந்து கிளம்புகிற மருந்தை ஈரல் வழிமறித்து ஒரு பங்கை அழித்துவிட்டுத்தான் மீதியை விடும் என்றும், அந்தச் சேதாரத்தையும் சேர்த்துத்தான் மாத்திரையில் மருந்து வைக்கிறார்கள் என்றும் சொன்னாய். நெஞ்சுவலி மாத்திரையை மட்டும் ஏன் நாக்குக்கு அடியில் வைக்கிறார்கள் என்று கேட்டேன். அங்கிருந்து நேராக ரத்தத்துக்குப் போய்விடும், ஈரல் வழியில் குறுக்கிடாது என்றாய். தொப்பூர் டோல்கேட்டில் நிற்காமல் சேலம் போக வழி இருந்தால் எப்படி இருக்கும் என்று நான் வாழ்நாள் முழுக்க யோசித்தவன். உடம்புக்குள் அப்படி ஒரு வழி இருப்பதைக் கேட்டு எனக்கு நிஜமாகவே பொறாமையாக இருந்தது.

உன் அம்மாவின் ரயில் கதையை உன் மாமியார் வீட்டில் இதுவரை சொல்லியிருக்க மாட்டாய். இப்போது சொல்லலாம், நான் அனுமதி தருகிறேன். புளி உலுக்கும் சீசனில் மண்டித் தூசி பட்டு அவளுக்கு ஓயாத தும்மல். சேலத்தில் அவள் தங்கச்சி வீட்டில் பிள்ளைக்குப் பெயர் வைக்கிற விசேஷம், அங்கே போய்த் தும்மக் கூடாது என்று கிளம்பும்போதே சளி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டாள். நான்தான் மொரப்பூர் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் ஜன்னலோரம் இடம் பிடித்து, மடியில் மைசூர்பாகு டப்பாவை வைத்து ஏற்றிவிட்டேன். சேலத்தில் தங்கச்சி வீட்டுக்காரர் பிளாட்பாரம் முழுக்கத் தேடியிருக்கிறார். உன் அம்மா ஈரோட்டில் கண் விழித்து, அங்கிருந்து எனக்கு ஃபோன் செய்தாள். தூங்கிவிட்டேன் என்று சொன்னாளா? "இந்த ரயிலு என்னாங்க, சேலத்துல நிக்காமயே வந்துருச்சு" என்றாள்.

அன்று சாயங்காலம் நீ அதற்கும் விளக்கம் சொன்னாய். மூக்கில் தும்மலைக் கிளப்புகிற அதே சரக்குத்தான் மூளையில் ஆளை விழிப்பாக வைத்திருக்கிறது, பழைய காலத்துச் சளி மாத்திரைக்கு அட்ரஸ் தெரியாததால் இரண்டு இடத்திலும் போய் அதன் வாயை அடைத்துவிடுகிறது, தும்மலும் நின்றது, சேலமும் போனது என்றாய். உன் அம்மாவுக்கு அந்த விளக்கம் பிடிக்கவில்லை. ஆனால் நான் அதிலிருந்து ஒன்று கற்றுக்கொண்டேன், உனக்கும் சொல்கிறேன். புகுந்த வீட்டில் நீ ஒருத்தரை நினைத்துச் சொல்கிற வார்த்தைக்கும் அட்ரஸ் தெரியாது. மாமியிடம் சொன்னது மாமாவிடம் போகும், மாப்பிள்ளையின் அக்காவுக்கும் போகும், எங்கெங்கே அதற்கு வேலை இருக்கிறதோ அங்கெல்லாம் வேலை செய்யும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல். முடிந்தவரை சாப்பாட்டுக்குப் பின் சொல். வெறும் வயிற்றில் சிலது எரியும்.

இன்னொன்று. ஓசூரில் உன் மாமி பிஸ்கட் டப்பா ஒன்றில் அட்டை அட்டையாக மாத்திரை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்துக்கு விநியோகம் செய்கிறார் என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாயாம். ரொம்ப அடித்துக்கொள்ளாதே, உன் அத்தாவும் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான். பக்கத்து மண்டிக்காரர் தான் மூட்டுவலிக்குப் போடுகிற மாத்திரையை "எனக்கு நல்லாக் கேட்டுச்சுங்க பாய்" என்று கொடுத்தார். எனக்கும் நன்றாகத்தான் கேட்டது. கேட்டது போதாதென்று ஒரு மாசம் தினமும் போட்டேன். மூட்டுவலி இறங்கியது, பிரஷர் ஏறியது. வலியைக் கிளப்புகிற அதே பொருள்தான் வயிற்றின் உள்தோலையும் கிட்னியின் ரத்த ஓட்டத்தையும் காவல் காக்கிறது, காவல்காரனையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்களே என்று நீ என்னைத் திட்டினாய். அதற்குப் பிறகு பிரஷருக்கு டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார், நெஞ்சுத் துடிப்பை நிதானமாக வைக்கிற மாத்திரை. இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், போன ரமலானில் என்னைக் கவிழ்த்த இருவரில் ஒருவர் இவர். இன்னொருவர் சர்க்கரை மாத்திரை.

சர்க்கரை மாத்திரை காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை, சாப்பாட்டுக்கு முன்னால். மற்ற மாதங்களில் தகராறில்லை. நோன்பு வந்தால் காலை மாத்திரையை விடியுமுன் சாப்பிடுகிற சஹருக்குப் போட்டுவிடலாம், இரவு மாத்திரையை நோன்பு திறக்கும்போது போட்டுவிடலாம், மதியத்தை என்ன செய்வது? டாக்டரிடம் கேளுங்கள் என்று நீ சொன்னாய். நோன்பு மாதத்தில் டாக்டரிடம் போனால் நோன்பு வேண்டாம் என்று சொல்லிவிடுவார், அதனால் போகவில்லை. நம் பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் நோயாளிக்குச் சலுகை இருக்கிறது என்றார். சலுகை நோயாளிக்கு, எனக்கு வெறும் சர்க்கரைதானே என்றேன். பிறகு நானே யோசித்து, மதிய மாத்திரையையும் காலை மாத்திரையோடு சேர்த்து சஹரிலேயே போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். நாளைக்குக் கொடுக்க முடியாததை இன்றைக்கே கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் அல்லவா? தர்மபுரியில் நோன்பு பிடிக்கிற சர்க்கரைக்காரர்களில் இப்படிச் செய்தவன் நான் ஒருவன் மட்டும் இல்லை. பள்ளிவாசலில் விசாரித்துப் பார், பாதிப் பேர் தலையைக் குனிவார்கள்.

என்னைக் கவிழ்த்த அந்த நாள் எந்த நாள்? ஓசூரிலிருந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போனவர்கள், கல்யாணப் பேச்சை முடிக்க, நோன்பு திறக்கிற நேரத்துக்கு வருகிறோம் என்று சொன்ன நாள். அன்றைக்கென்று சஹருக்கு எழுந்திருக்க நேரமாகிவிட்டது. பாங்கு சொல்லிவிடுவார்கள் என்ற பதற்றத்தில் உன் அம்மா நீட்டிய தட்டைத் தள்ளிவிட்டு, இரண்டு சர்க்கரை மாத்திரையும் ஒரு பிரஷர் மாத்திரையும் ஒரு சொம்புத் தண்ணீரும் உள்ளே அனுப்பினேன். சாப்பாட்டை விட்டாலும் மாத்திரையை விடவில்லை என்று எனக்குப் பெருமை வேறு. பகலெல்லாம் பென்னாகரம் பக்கம் வெயிலில் நின்று லோடு ஏற்றிவிட்டு, சாயங்கால அசர் தொழுகைக்கு வீடு வந்து, குளித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சம்பந்தியை வரவேற்க உட்கார்ந்தேன்.

அந்த மாத்திரை உள்ளே என்ன செய்துகொண்டிருந்தது என்று நீ பிறகு சொன்னதை எழுதுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பார். ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து. ஒன்று சாது. ஈரல் தேவையில்லாமல் சர்க்கரையை வெளியே விடாதபடி பார்த்துக்கொள்ளும். இன்னொன்று மண்டி மேஸ்திரி மாதிரி. கணையத்தின் பின்னால் நின்றுகொண்டு 'இறக்கு, இறக்கு' என்று விரட்டி இன்சுலினை இறக்கும். லாரி வந்திருக்கிறதா, ஆள் சாப்பிட்டிருக்கிறானா என்றெல்லாம் அது பார்க்காது. நான் ஒன்றுக்கு இரண்டு மேஸ்திரியை உள்ளே அனுப்பிவிட்டு, சோறு என்ற லோடை அனுப்பவே இல்லை. இறங்கிய இன்சுலின் சும்மா இருக்குமா? ரத்தத்தில் இருந்த சர்க்கரையைக் கரைத்துக்கொண்டே போயிருக்கிறது.

மற்றவர்களுக்கு இப்படி ஆனால் உடம்பு கூச்சல் போடுமாம். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். எனக்குப் பிரஷர் மாத்திரை படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிட்டது. வியர்வைக்கு மட்டும் உடம்பில் வேறு தந்திக் கம்பி, அதை அந்த மாத்திரையால் அறுக்க முடியாது என்றாய். ஆகையால் நெஞ்சு நிதானமாக, கை நிதானமாக, ஆள் மட்டும் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். மூளைக்கோ சர்க்கரையை விட்டால் அப்போதைக்கு வேறு தீனி கிடையாது.

நடந்ததில் பாதி எனக்கு ஞாபகம் இல்லை. உன் அம்மா அதை இதுவரை யார் யாரிடமோ சொல்லக் கேட்டு மனப்பாடம் ஆகிவிட்டது. ஹாலில் விரிப்பு போட்டு, பேரீச்சம்பழமும் வடையும் நோன்புக் கஞ்சியும் நன்னாரி சர்பத்தும் வைத்திருக்கிறது. உன் மாமாவும் மாப்பிள்ளையும் எனக்கு எதிரே. மாமியும் உன் அம்மாவும் நீயும் உள் அறையில், திரைக்குப் பின்னால். நோன்பு திறக்கிற பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. உன் மாமா மெதுவாக ஆரம்பித்தார். லாரி உதிரிபாகக் கடை நடத்துகிற மனிதர், குரலை ஒருநாளும் உயர்த்தாதவர்.

"பொண்ணு எங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்குங்க பாய். ஒரே ஒரு விசயம். வூட்டுப் பொம்பளைங்க வேலைக்குப் போறது எங்க குடும்பத்துல வழக்கம் இல்லீங்க. படிச்சது படிச்சதா இருக்கட்டும். வூட்டப் பாத்துக்கிட்டாப் போதும்."

நியாயமாக இதற்கு நான் என்ன சொல்லியிருப்பேன்? "ஆவட்டுங்க, யோசிக்கலாங்க" என்று சொல்லி வடைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தியிருப்பேன். அன்று நான் சொன்னது இது:

"ஏங்க, கொட்டையெடுத்த புளிய வாங்கிட்டுப் போயி, மறுபடியும் ஓட்டுக்குள்ள வெச்சு மூடப் போறீங்களா? எவனாச்சும் அப்படிச் செய்வானா? எம் மக வேலைக்குப் போவா. ஆளு வேணும்னா உங்க பையன வூட்டப் பாத்துக்கச் சொல்லுங்க. நல்லாப் பெருக்குவான் போலத்தான் இருக்கான்."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார், சிரிப்பை அடக்கத்தான் என்று பிறகு தெரிந்தது. நான் நிறுத்தவில்லை. சம்பந்தியின் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்து "இது எந்த ஊரு சரக்கு?" என்று கேட்டேனாம். வாய் குழறியதாம். நோன்பும் அதுவுமாக, தொழுகைத் தழும்பு விழுந்த நெற்றியோடு, குடித்தவன் மாதிரி ஆடிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து உன் மாமாவுக்கு வந்த சந்தேகத்தில் தப்பே இல்லை.

உள் அறையில் உன் அம்மா, "பரவால்லியே, மனுசன் தைரியமாப் பேசறாரே" என்று கண் கலங்கினாளாம். நீ மட்டும் எழுந்து நின்று, "இல்லம்மா, அத்தாவுக்கு என்னமோ ஆயிருச்சு. அத்தா இப்படிப் பேச மாட்டாரு" என்றாயாம். திரையை விலக்கிப் பார்த்திருக்கிறாய். ஃபேன் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்க, என் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. மகளே, அப்பன் தைரியமாகப் பேசினால் மற்ற பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள். அதை வியாதி என்று கண்டுபிடித்தவள் நீதான். கண்டுபிடித்தது சரி என்பதால் என்னால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

பெண் பேச வந்தவர்கள் முன்னால், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக ஹாலுக்குள் வந்து, சர்பத் தம்ளரை எடுத்து என் வாயில் வைத்தாய். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். "பாங்கு சொல்லட்டும்." நீ கெஞ்சினாய், நோயாளிக்குக் கடமை இல்லை என்றாய், அழுதாய். நான் தலையைத் தலையை ஆட்டினேன். பாங்குக்கு இன்னும் நேரம் இருந்தது, அதுவரை நான் நினைவோடு இருப்பேனா என்று உனக்குத் தெரியவில்லை, நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றவும் முடியாது. அப்போது நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, கணீரென்று சொன்னாய்:

"பாங்கு சொல்லியாச்சுங்கத்தா. உங்களுக்குக் கேக்கல. பிஸ்மி சொல்லிக் குடிங்க."

நான் பிஸ்மி சொல்லிக் குடித்தேன், ஒரே மூச்சில். இரண்டாவது தம்ளரையும் குடித்தேன். அது உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும்போது நிஜமான பாங்கு சொன்னார்கள். "இன்னிக்கி ஏன் ரெண்டு தடவ சொல்றாங்க?" என்று நான் உன் மாமாவிடம் கேட்டேனாம். அவர் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாராம். நீ யாரையும் பார்க்கவில்லை. சர்பத்தோடு முடிகிற கதை இல்லை, மாத்திரை இன்னும் பல மணி நேரம் உள்ளே விரட்டிக்கொண்டிருக்கும், மறுபடி இறங்கும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொல்லி என்னைக் கிளப்பினாய். நோன்பு திறக்க ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு மாப்பிள்ளைதான் வண்டியை எடுத்தார். வடையும் கஞ்சியும் அப்படியே ஆறிப்போயின.

கையில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வார்டில் படுத்திருந்தபோது எனக்குப் பயமாக இருந்தது. உயிருக்கு இல்லை, நான் பேசினதை உன் அம்மா அப்போதுதான் வரிக்கு வரி சொல்லிக்கொண்டிருந்தாள். உனக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அவர் வண்டி ஓட்டும்போது நீ கண்ணாடியில் இரண்டு முறை பார்த்ததை அரை நினைவிலும் கவனித்தேன். இந்தச் சம்பந்தம் போனால் என் வாயால் போகிறது என்று கிடந்து தவித்தேன்.

சில நாள் கழித்து உன் மாமா ஃபோன் செய்தார். பெரிய மனது பண்ணி எனக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டார். "அன்னிக்கு நீங்க பேசினதெல்லாம் சக்கர கொறைஞ்சதாலதானங்க பாய்? நாங்க அத மனசுல வெச்சுக்கல. நீங்களா பேசல, மாத்திரதான் பேசுச்சு. பொண்ணு வேலைய மட்டும் வேணாம்னு சொல்லிட்டா, பெருநா முடிஞ்சதும் தேதி வெச்சுக்கலாம்." ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. நான் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு உன்னைக் கேட்டேன். "ஏம்மா, அன்னிக்குப் பேசினது நானா, மாத்திரையா?"

உனக்கு அந்தக் கல்யாணம் வேண்டும். மாத்திரைதான் என்று நீ சொல்லியிருக்கலாம். பாங்கு சொல்லாததைச் சொல்லியாச்சு என்றவளுக்கு இது பெரிய காரியமா? ஆனால் நீ சொன்னது இது:

"மாத்திர சக்கரையக் கொறைக்கும்த்தா. பேச்ச உண்டாக்காது. உடம்புல இல்லாத வேலைய எந்த மருந்தும் புதுசாக் கொண்டாராது. இருக்கறதக் கூட்டும், இல்லாட்டிக் கொறைக்கும், அவ்வளவுதான். அன்னிக்கு உங்க பயத்தக் கொறைச்சிருச்சு."

நான் ஃபோனை எடுத்து என்ன சொன்னேன்? "எம் மக இப்படிச் சொல்றாங்க" என்று ஆரம்பித்து, நீ சொன்னதை அப்படியே பாடம் ஒப்பித்தேன். அவர் "யோசிக்கிறோங்க" என்று வைத்துவிட்டார். பாரம் முழுவதையும் உன் தலையில் ஏற்றிவிட்டு நான் அஸ்திரம் விட்டவன் மாதிரி அன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

சம்பந்தத்தைக் காப்பாற்றியது நானும் இல்லை, நீயும் இல்லை. உன் மாமியின் சர்க்கரை. அன்று திரைக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்த்தவர், தானும் சஹருக்கு இரண்டு மாத்திரை சேர்த்துத்தான் போடுகிறார் என்பதை யாரிடமும் சொல்லாமல், உன் நம்பரை வாங்கி உனக்கே ரகசியமாக ஃபோன் செய்தார். நீ உடனே அவரை டாக்டரிடம் அனுப்பினாய். பிறகு தினம் ஒரு சந்தேகம், தினம் ஒரு ஃபோன். பெருநாள் முடிந்து சம்பந்தி தயங்கியபோது, "அந்தப் பொண்ணு வரலீன்னா என் மாத்திரைய நீங்க பாப்பீங்களா?" என்று அவர் ஒரு கேள்வி கேட்டதாக மாப்பிள்ளை சொன்னார். தேதி வைத்தார்கள். "வேலையப் பத்தி கல்யாணத்துக்கு அப்பறம் பாத்துக்கலாங்க" என்றார் உன் மாமா. நானும் அப்பாடா என்று தலையாட்டினேன். அந்த 'அப்பறம்'தான் இந்தத் திங்கள்கிழமை வந்து நிற்கிறது.

உன் மாமா நல்லவர். அவர் சும்மா இருப்பதற்குக் காரணம் எனக்குத் தெரியும். பெண்ணைப் பெற்றவன் நினைவோடு இருக்கும்போது இந்த விஷயத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நினைவு தப்பியபோது ஒன்று சொன்னான், அதற்குப் பிறகு மகள் சொன்னதைத் திருப்பிச் சொன்னான், அதற்கும் பிறகு தலையாட்டினான். இதில் எதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்வார்? உனக்காகப் பேச வேண்டிய இடத்தில் எல்லாம் எனக்கு மிஞ்சியது மரியாதையும் பயமும்தான். அதில் எது எது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நீ சிரித்ததில் தப்பில்லை. ஆனால் எனக்கு வலித்தது, நசீமா. வலித்தது என்று எழுதாமல் விட்டால் இவ்வளவு எழுதியும் பிரயோஜனம் இல்லை.

ஆகவே இதை நன்றாகக் கேட்டுக்கொள். நான் இப்போது மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன். ராகிக் களி, கீரைக் குழம்பு, உன் அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு அப்பளம். டாக்டர் சொன்ன மாத்திரையை டாக்டர் சொன்ன நேரத்தில்தான் போட்டேன். விரலில் குத்திப் பார்த்தும் விட்டேன், சர்க்கரை இருக்க வேண்டிய அளவில் இருக்கிறது. சட்டை காய்ந்திருக்கிறது. என் மகள் திங்கள்கிழமை வேலைக்குப் போவாள். அவள் மாத்திரை கொடுக்கிற ஜன்னலுக்கு முன்னால் என்னைப் போல எத்தனையோ பேர் வந்து நிற்பார்கள், அவர்களை இரண்டு மாத்திரையைச் சேர்த்துப் போடாமல் பார்த்துக்கொள்ள அவள் அங்கே இருக்க வேண்டும். இதை நான் சொல்கிறேன். எனக்குப் பதிலாக வேறு யாரும் சொல்லவில்லை.

படித்து முடித்ததும் இந்தக் கடிதத்தை உன் மாமாவின் கையில் கொடு. சம்பந்திக்கு மறுபடியும் சர்க்கரை குறைந்துவிட்டதா என்று அவர் கேட்பார். இல்லை மாமா, சாப்பிட்டுவிட்டுத்தான் எழுதியிருக்கிறார் என்று சொல்.

உன் அத்தா